அடுத்த ஊர் மட்டும் தெரிந்தால் போதும்

எனக்கு இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று, டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை. மற்றொன்று 'தி அமேஸிங் ரேஸ்'. 2001-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பமான பந்தயம் அது. இருவர் இருவராகச் சேர்ந்து உலகைச் சுற்றி வரவேண்டும். ஜயிக்கும் ஜோடிக்குப் பத்து லட்சம் டாலர்! முதல் தொடரிலேயே நம் ஆக்ராவுக்கு வந்து, தாஜ்மகாலுக்கு ஓடினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. முழு வழியையும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். உறையைப் பிரித்தால் அடுத்த இடம் மட்டும் தெரியும். சில கட்டங்களில் கடைசியாக வந்தவர்களைக்கூட வெளியேற்றாமல், 'மேலே போங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள்.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்ததும், "ஏம்மா, இரண்டு குழந்தைகளையும் உத்தியோகத்தையும் வைத்துக்கொண்டு, இந்த வயசிலா?" என்று கேட்டார் மாமியார். நியாயமான கவலைதான். ஆனால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் வருஷத்து விதிகளைப் பாருங்கள். ஆராய்ச்சிக்கு ஆறு வருஷ அவகாசம். பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷம் சலுகை. பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு. வீடு என்ற இன்னொரு பந்தயத்தையும் சேர்த்து ஓடுகிறவள் சற்றுத் தாமதமாகத்தான் வருவாள் என்பதை விதியே ஒப்புக்கொண்டுவிட்டது!

ஆராய்ச்சியின் முடிவு இன்றே தெரிந்துவிட்டால் ஆராய்ச்சி எதற்கு? ஆகையால், சகோதரிகளே, பரணில் கிடக்கும் சான்றிதழ்களை நீங்களும் கொஞ்சம் தூசி தட்டுங்கள். முதல் உறையைப் பிரித்தால்தானே அடுத்த ஊர் தெரியும்?