டீசல் பிக்கப்: இழுவை வேறு, சுமை வேறு

அமெரிக்காவில் ட்ராவல் ட்ரெய்லர் என்று ஒன்று உண்டு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற சக்கரம் வைத்த வீடு. சாமான் ஏற்றினால் 12,000 பவுண்டு வருகிற மாதிரி ஒன்றை அங்கே இருக்கும் எங்க அத்தான் பார்த்து வைத்திருக்கிறார். அதாவது 5,400 கிலோவுக்கும் மேல். "பி.காம் படிக்கிறவன் நீதானே மாப்ளே, டீசல் பிக்கப் கட்டுப்படியாகுமா, கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.

ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவ்ரலே சில்வராடோ 2500... இந்த மூன்றில் எது ஒசத்தி என்று அங்கே ரஜினி-கமல் ரேஞ்சுக்குச் சண்டை. ராமில் இருக்கும் கம்மின்ஸ் நேர்வரிசை ஆறு சிலிண்டர், மற்ற ரெண்டும் வி8. என்னைக் கேட்டால், இந்த எடைக்கு மூன்றுமே போதும். சண்டை வேஸ்ட்.

டீசல் எஞ்சினுக்கு ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதல். வருஷத்துக்கு 10,000 மைல் இழுக்கிறார், பெட்ரோல் வண்டி காலனுக்கு 8 மைல், டீசல் 10 மைல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60 என்றால் செலவு 3,750-க்கு எதிராக 3,600. மிச்சம் 150 டாலர். போட்ட காசை எடுக்க 66 வருஷம்! ரீசேல் விலை கொஞ்சம் கைகொடுக்கும்தான். ஆனால் யூரியா திரவம், ஃபில்டர் என்று அது ஒரு பக்கம் தின்னும்.

அப்புறம் ஏன் வாங்குகிறார்கள்? மலைக்காக. டென்வருக்கு மேற்கே ஐ-70 சாலை 11,000 அடிக்கு மேல் ஏறுகிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்தால் சாதாரண பெட்ரோல் எஞ்சின் திணறும், டர்போ டீசல் அவ்வளவாகத் திணறாது. இறங்கும்போதுதான் நிஜமான லாபம். புகை வெளியேறும் வழியை இறுக்கி எஞ்சினையே பிரேக்காக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது. காலால் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி பிடிக்காமல் போகும். பின்சீட்டில் அக்கா பிள்ளைகள்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு வில்லன் உண்டு. விளம்பரத்தில் வருவது இழுக்கும் திறன். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது, வண்டி மேலே தாங்கும் எடை. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டி மேல் உட்காரும். நடுவாக 1,500 பவுண்டு. நாலு பேரும் சாமானும் 600, கொக்கி செட் ஒரு 100. மொத்தம் 2,200. டீசல் எஞ்சின் கனம் என்பதால் 2500 வகையில் பல வண்டிகளின் ஸ்டிக்கர் இதற்குக் கீழேயே நின்றுவிடும்.

டீசல்தான் வேண்டும் என்றால் 3500 எடுங்கள், இல்லையா, பெட்ரோல் 2500 போதும், மெதுவாக மலை ஏறுங்கள் என்று எழுதி அனுப்பினேன். எதுவானாலும் அட்வான்ஸுக்கு முன்னால் கதவைத் திறந்து ஸ்டிக்கரை போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா வேறு நாலு சைக்கிளும் ஏற்றணும் என்கிறாள் :-)