தொழில் இல்லை என்று எழுதினேன்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்துதான் நான் வவுணதீவுக்கு வேலைக்குப் போகிறேன். பாலத்தின் இரு பக்கமும் தோணிகளையும் வலை வீசுபவர்களையும் பார்த்தபடியே போவேன். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கடந்த ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை வைத்தேன். அந்த நாளைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அதற்கு முந்திய வருடம் ஒரு வாழ்வாதார உதவித் திட்டத்துக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினோம். படுவான்கரைக் கிராமம் ஒன்றில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறேன். 2006ஆம் ஆண்டு ஓர் இரவு மீன்பிடிக்கப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. தோணி மட்டும் கரை ஒதுங்கியது. 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்தபோது மூன்று பிள்ளைகளோடு எழுவான்கரை முகாம் ஒன்றில் இருந்தார். ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தபோது தோணியும் இல்லை.

"என்ன தொழில் செய்றீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"தொழில் எண்டு ஒண்டும் இல்ல மிஸ். சும்மா ஆத்துக்குப் போவன்."

எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றும் சொல்வோம். ஆற்றுக்குப் போவது என்றால் குளிக்க, உடுப்புத் துவைக்க என்று நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படிவத்தில் 'தொழில்: இல்லை' என்று எழுதினேன்.

அந்த ஒரு சொல்லால் அவருக்குக் கோழி வளர்ப்பு கிடைத்தது. வலையும் தூண்டிலும் 'மீனவர்' என்று பதியப்பட்ட ஆண்களுக்குப் போயின. சில மாதங்களில் கோழிகள் எல்லாம் செத்துவிட்டன. ஏன் கவனமாகப் பார்க்கவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"கோழிய ஆரு மிஸ் பாக்கிற? விடிய நாலு மணிக்கு ஆத்துக்குப் போனா நான் பத்து மணிக்குப் பிறகுதான் வாற."

"ஆறு மணித்தியாலம் ஆத்தில என்ன செய்றீங்க?"

"ஒரு நாளைக்கு வந்து பாருங்களன்."

அப்படித்தான் போனேன்.

இருட்டோடு புறப்பட்டோம். அக்காவின் இடுப்பில் ஓர் உமல், கையில் மூங்கில் கம்பு, தங்கூஸ் நூல். பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டுதான் மிதப்பு. முதல் நாள் மாலை வாழையடியில் கிண்டி எடுத்த நாக்கிளிப் புழு ஒரு சிரட்டை நிறைய இருந்தது. எனக்கும் ஒரு கம்பு தந்தார். கண்டல் மரங்களின் ஓரத்தில் நின்று, கம்பால் தண்ணீரில் தட்டி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"என்னத்துக்கு அக்கா?"

"முதலை. அது படுக்கிற இடம் எங்களுக்குத் தெரியும். நாங்க வாற நேரமும் அதுக்குத் தெரியும்."

இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். சேறு முழங்கால்வரை இழுத்தது. ஒரு காலை எடுத்தால் மற்றக் கால் புதைந்தது. என் தூண்டில் முதலில் கண்டல் வேரில் சிக்கியது, பிறகு என் சட்டையில். சிக்கெடுத்து முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. நான் பார்க்காத நேரத்தில் அக்கா மூன்று யப்பான் மீன்களை உமலுக்குள் போட்டிருந்தார்.

யப்பான் என்று நாம் சொல்லும் திலாப்பியா நம்முடைய மீன் அல்ல. ஆபிரிக்காவைச் சேர்ந்த இந்த இனத்தை 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்பதால் வாவியிலும் பெருகிவிட்டது. ஏழை வீட்டுச் சட்டிக்கு இன்று அதுதான் அதிகம் வருகிறது.

எட்டு மணியளவில் கச்சான் எழுந்தது. தரைப் பக்கமிருந்து சூடாக வீசியது. மிதப்பை ஒரு இடத்தில் நிற்க விடவில்லை. புழுவின் வாசனைக்குக்கூட மீன் வரவில்லை.

"கச்சான் அடிச்சா தண்ணி அங்கால எழுவான் பக்கம் ஒதுங்கிரும். மீனும் அதோட போயிரும்" என்றார் அக்கா. ஆனாலும் கரையேறவில்லை. அன்று மாலை குழுக்கடனுக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது.

காத்திருந்த நேரத்தில் பேசினோம். நுவரெலியா பக்கத்தில் விளையாட்டுக்காக மீன் பிடிக்கிற கதையைச் சொன்னேன். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் என்ற மீனைத் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்து மலைநாட்டு ஆறுகளில் விட்டார்கள். பிறகு வந்த வானவில் ட்ரவுட் இனம் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இன்றும் இருக்கிறது. அதைப் பிடிக்கப் புழுப் போடுவதில்லை. இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோலச் செய்து, தண்ணீரின் மேல் வீசி ஏமாற்றுவார்கள். பிடித்ததைத் திரும்ப விடுபவர்களும் உண்டு.

அக்கா நம்பவில்லை. "புடிச்சிப்போட்டுத் திருப்பி விடுறா? வீட்டில அடுப்பு எரியுது போல" என்று சிரித்தார்.

அந்த விளையாட்டுக்குச் சங்கமும் அனுமதிச் சீட்டும் இருந்தன. வயிற்றுக்காக வாவியில் நிற்கும் இந்தப் பெண்ணுக்கோ என் படிவத்தில் ஒரு சொல்லும் இல்லை.

ஒன்பது மணிக்கு என் கம்பு முதன்முறையாக வளைந்தது. மகிழ்ச்சியில் மீனைக் கையால் பிடித்துவிட்டேன். "புள்ள, தொடாத, கெளிறு!" என்று அக்கா கத்தியபோது முள் என் உள்ளங்கையில் ஏறியிருந்தது. காலையிலிருந்து மிஸ் என்று கூப்பிட்டவர் அப்போதுதான் புள்ள என்றார். வலி தோள்வரை ஏறியது. கண்ணீர் வந்தது. என்னைக் கைபிடித்துக் கரையேற்றி, வீட்டுக்குக் கூட்டிப்போய், பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் வைத்து, அதற்குள் கையை அமிழ்த்தி வைத்திருக்கச் சொன்னார். கெளிற்று முள்ளின் நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். வைத்தியர்களும் இதையே செய்வார்கள். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

எனக்காக அவர் இரண்டு மணித்தியாலத்தை இழந்தார். அன்றைய மீன் 350 ரூபாய்க்குத்தான் போனது. மிச்சத்துக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினார். நான் தருகிறேன் என்றேன். "நீங்க தந்தா அது உதவி, அவ தந்தா அது கைமாத்து" என்று மறுத்துவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பெண்களின் கணக்கில் வராத உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளிகள் வாங்கியவள் நான். ஆனால் அந்த உழைப்பு என் முன்னே நின்று "சும்மா ஆத்துக்குப் போவன்" என்று சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. 'சும்மா' என்ற சொல்லுக்குள் இருட்டும் சேறும் முதலையும் இருந்தன. காற்றையும் தண்ணீரையும் வாசிக்கிற அறிவும் இருந்தது. கணவர் போய் வராத அதே தண்ணீரில் தினமும் இறங்குகிற துணிவும் இருந்தது.

சிறு அளவில் மீன் பிடிப்போரைப் பற்றி 2014இல் உலக உணவு விவசாய நிறுவனம் வழிகாட்டிக் கொள்கைகளை வெளியிட்டது. கடலிலும் உள்நாட்டு நீரிலும் பிடிப்பது மட்டுமல்ல, மீனைத் துப்புரவாக்குவது, காயவைப்பது, விற்பது எல்லாமே மீன்பிடித் தொழில்தான் என்று அது ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தொழிலில் பெண்களுக்குச் சம இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அது எங்கள் கிராமத்துக்கு வர, முதலில் படிவம் நிரப்புகிற கை திருந்த வேண்டும்.

அடுத்த வாரம் புதிய படிவத்தோடு போனேன். கை இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. "என்ன தொழில் அக்கா?" என்று மறுபடி கேட்டேன். அவர் வெட்கத்தோடு சிரித்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, "மீன்பிடி எண்டு எழுதுங்க" என்றார். எழுதினேன். 'அனுபவம்' என்ற இடத்தில் 2007ஆம் ஆண்டு முதல் என்று எழுதினேன். கிராமத்து மீனவர் சங்கத்துக்கும் அவருடைய விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சகோதரிகளே, நம்மில் எத்தனையோ பேர் வாவியில் இறால் பிடிக்கிறோம், நண்டு பிடிக்கிறோம், தூண்டில் போடுகிறோம், மீன் காயவைக்கிறோம். யாராவது தாளோடும் பேனையோடும் வந்து என்ன தொழில் என்று கேட்டால், சும்மா இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். செய்கிற வேலையின் பெயரைச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வையுங்கள்.