நாற்சார் வீடும் நாமும்

ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அதன் நூல்களைப் படிப்பதோடு நின்றுவிடலாகாது. அதன் வீடுகள் எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளன என்பதையும் நோக்க வேண்டும். யார் எங்கே அமரலாம், யார் எதுவரை வரலாம், யார் எந்த இருளில் நின்று உழைக்க வேண்டும் என்பன அங்கே கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதப்பட்டுள்ளன. வலிகாமத்திலுள்ள எமது குடும்பத்தின் பழைய நாற்சார் வீட்டைத் திருத்தும் பொறுப்பு எம்மிடம் வந்தபோது, அவ்வெழுத்தைப் படிக்கும் தேவை எமக்கு ஏற்பட்டது.

மேசனார் முதலில் சொன்ன யோசனை, நடு முற்றத்தைத் தகரத்தால் மூடிப் பெரியதொரு ‘ஹோல்’ ஆக்குவது. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகள் பலவற்றில் இன்று இதுவே நடைபெறுகிறது. நாம் இசையவில்லை. நாற்புற அறைகளுக்கும் வெளிச்சம் தருவது அம்முற்றம். சூடேறிய காற்று வெளியேறுவதும் அதன் வழியேதான். அதை மூடினால் பட்டப்பகலிலும் விளக்கெரிக்க வேண்டும். பழையது என்பதற்காக நல்லதை இடிப்பது முன்னேற்றமாகாது.

ஆனால், பழையவை யாவும் போற்றத்தக்கனவுமல்ல. எமது தோட்டத்தில் உழைத்தோர் அவ்வீட்டின் திண்ணையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. படலையருகே நின்று, சிரட்டையில் வார்த்த தண்ணீரைக் குடித்துச் சென்றனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயில் வாசலையும் தேநீர்க்கடை வாசலையும் பற்றிப் பேசியது. வீட்டுத் திண்ணையை எந்தச் சட்டம் திறக்கும்?

வீட்டுப் பெண்களின் நிலையோ விந்தையானது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையின் கீழ், சீதனமாக வந்த வீடு பெண்ணின் சொத்து. எனினும் கணவனின் சம்மதமின்றி அதை அவள் விற்க இயலாது. உறுதி அவள் பெயரில். ஆனால் அவளது நாள் கழிவதோ கோடிப்புறத்தில், புகைபடிந்த அடுக்களையில். காற்று வரும் முன்னறை ஆண்களின் பேச்சுக்கு ஒதுக்கப்பட்டது.

1926இல் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரேட்டே ஷூட்டே லிஹொட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஓர் அடுக்களையை வகுத்தார். சமைப்பவரின் ஒவ்வோர் அசைவையும் அளந்து, வீண் நடையைக் குறைப்பதே அவர் நோக்கம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. பின்னாளில் நாஸி எதிர்ப்பில் ஈடுபட்டு 1941 முதல் 1945 வரை சிறையிருந்தவர் அவர். எமது தீவிலும் மினெற் டி சில்வா, 1950களின் இறுதியில் கண்டி வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தில், குடியேறவிருந்தோரிடம் அவர்களின் தேவைகளைக் கேட்டறிந்தே வீடுகளை வரைந்தார்.

அவ்வழியிலேயே நாமும் ஒரு காலைப்பொழுதில் எமது தமக்கையாரின் நடையை எண்ணினோம். மதியச் சாப்பாடு ஆகுமுன் கிணற்றடிக்கும் களஞ்சிய அறைக்கும் அடுக்களைக்குமிடையே 27 தடவை நடந்தார். வெறுமையாய்க் கிடந்த நெல் அறையே புதிய அடுக்களைக்கு உரிய இடம் என்பது அப்போது தெளிவாயிற்று. முற்றத்தைப் பார்த்த சுவரில் அகன்ற யன்னல் வைத்தோம். பிராங்க்பேர்ட் அடுக்களை ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய ஒடுங்கிய அறை. பெண்ணின் வேலையை அது சுருக்கியது, பகிரவில்லை. ஆகவே இருவர் அருகருகே நின்று வேலை செய்ய எமது அறையில் இடம் விட்டோம். அந்த இரண்டாமவர் ஆணாகவும் இருக்கலாமன்றோ?

பழைய அடுக்களை குளியலறையாயிற்று. மலசலகூடத்தையும் அங்கேயே இணைத்தால் வசதிதான். ஆனால் கிணறு அருகிலிருந்தது. வற்றாத ஆறில்லாத எமது குடாநாட்டின் குடிநீர் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளூடாக ஓடுவது. குழியின் அழுக்கும் அதே வழியில் ஓடும். எனவே மலசலகூடம் கிணற்றுக்குத் தொலைவான மூலைக்குச் சென்றது. உயர்ந்தும் தாழ்ந்தும் இருந்த இரு திண்ணைகளை ஒரே மட்டமாக்கினோம்.

“அடுக்களை முன்னுக்கு வந்தால் வீட்டின் மதிப்பு என்னாவது, தம்பி?” என்று கேட்டார் மாமியார் ஒருவர். உழைப்பவள் கண்ணுக்குப் படாதிருப்பதே மதிப்பென்று நெடுங்காலம் அவருக்குப் போதிக்கப்பட்டிருந்தது. நாம் வாதிடவில்லை. இப்போது மாலை வேளைகளில் அந்த யன்னலருகே முதலில் அமர்பவர் அவரே.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோர் பலர், போர் முடிந்தபின் மீண்டு, இடிந்த அத்திவாரங்களின் மேல் வீடெழுப்பியுள்ளனர். புதிய சீமெந்தில் பழைய படத்தையே மறுபடி வரையலாமா? ஆசிரிய நண்பர்களே, உங்கள் மாணவரிடம் தத்தம் வீட்டை வரைந்துவரச் சொல்லுங்கள். அதில் தாயார் நிற்கும் இடத்தையும், வேலைக்கு வருபவர் நிற்கும் இடத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். எந்தச் சுவரை முதலில் இடிப்பது என்பதை அப்பிள்ளைகளே கூறிவிடுவர்.