கட்டி முடிக்காத வீட்டுக்கு வட்டி!

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் ஒரு நல்ல நாள் கெடும். ஈ.பி. ரீடிங் எடுக்கிற நாள்.

போன தடவை தொகையைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "கூடங்குளத்துல அவ்ளோ பெரிசா கட்டி வெச்சிருக்காங்க. யுரேனியம் கொஞ்சூண்டு போட்டா போதும்கறாங்க. அப்புறம் ஏங்க கரண்ட் சீப்பா இல்லை?"

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

வருங்காலத்தில் மீட்டர் வைத்து அளக்கவே வேண்டாத அளவுக்கு மின்சாரம் மலிவாகிவிடும் என்று 1954-ல் அமெரிக்க அணுசக்தி கமிஷன் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் பேசினார். நம் வாசல் மீட்டருக்கு அது கேட்கவில்லை போலிருக்கிறது!

மனைவி சொன்னதில் பாதி சரி. அனல் மின்நிலையத்தில் மாசாமாசம் கரிக்குக் கொடுத்து மாளாது. அணு உலையில் எரிபொருள் செலவு கம்மி. உலையைக் கட்டுவதுதான் செலவு. கூடவே, கட்டி முடிக்கும்வரை ஓடுகிற வட்டி.

அந்த வட்டி எனக்கு அத்துப்படி சார். 2012-ல் ஒரு ஃப்ளாட் புக் பண்ணினேன். பதினெட்டு மாதத்தில் சாவி என்றார் பில்டர். நாலு வருஷம் ஆனது. ஒண்ணாந்தேதி வாடகை, அஞ்சாந்தேதி ஈ.எம்.ஐ. நடுவில் மனைவியின் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போனது. மீட்க முடியவில்லை, மூழ்கிவிட்டது.

கூடங்குளமும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். கட்டுமானம் ஆரம்பித்தது 2002-ல். முதல் இரண்டு உலைகளுக்கு மதிப்பீடு 13,171 கோடி. முதல் உலை வணிகரீதியாக ஓடியது 2014 டிசம்பர் 31-ல், இரண்டாவது 2017-ல். அதற்குள் மதிப்பீடு 22,462 கோடி! யூனிட் நாலு ரூபாயை ஒட்டி வந்து நின்றது. அதே 2017-ல் ராஜஸ்தான் பட்லாவில் சூரிய மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது.

நாம்தான் இப்படி என்று வருத்தப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து வோக்ட்ல் உலைகள் 2023, 2024-ல்தான் முடிந்தன. 1,400 கோடி டாலர் என்று ஆரம்பித்தது 3,000 கோடியைத் தாண்டியது. ஏழு வருஷம் லேட். அந்த ஊர் பில்டர்களும் பில்டர்கள்தானே!

"அப்போ சோலாரே போதும்" என்று நோட்டை மூடப் போனேன்.

"ராத்திரி ஏழு மணிக்கு மாவு யார் ஆட்டறது?"

நியாயம். முப்பந்தல் காற்றாலை ஆடியில் சுற்றுகிற சுற்று தையில் கிடையாது. காற்றும் வெயிலும் இல்லாத நேரத்துக்கு பாட்டரியோ, இன்னொரு மின்நிலையமோ தயாராக நிற்க வேண்டும். அந்தச் செலவு 2.44-க்குள் இல்லை. அணு உலை ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். 1969-ல் ஆரம்பித்த தாராப்பூர், கடனெல்லாம் தீர்ந்த பிறகு பல வருஷம் யூனிட்டை ஒரு ரூபாயை ஒட்டித்தான் விற்றது. கடன் தீர்ந்த வீடு மாதிரி சுகம் உண்டா?

கடைசியில் உலையை இழுத்து மூடவும் காசு வேண்டும். அதற்காக யூனிட்டுக்கு 2 பைசா பிடிக்கிறார்கள். ரெண்டே பைசா! என் எமர்ஜென்சி ஃபண்ட் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

மனைவி நோட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எல்லாம் சரி... என் வளையலை எந்தப் பக்கம் எழுதியிருக்கீங்க?"

பேசாமல் போனை எடுத்து ஈ.பி. பில்லைக் கட்டினேன்.