சங்கீதமும் சத்தமும்

எங்கள் வேதப் புஸ்தகத்தில் ஒரு பாகத்துக்குப் பெயரே சங்கீதம். மொத்தம் 150 சங்கீதங்கள். அடுத்த வீட்டு ரேடியோவில் பாடுகிற சங்கீதம் வேறு, அப்பா விடியற்காலையில் வாசிக்கிற சங்கீதம் வேறு என்பது புரியவே எனக்கு ஏழெட்டு வயசாகி விட்டது. புரிந்த பிறகும், இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் மட்டும் போகவில்லை.

என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையில் பனங்காட்டு ஊர் ஒன்றில் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஹார்மோனியம் வாசிப்பதும் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் 'சர்ச்' என்று சொல்லக் கற்றுக் கொள்வது பட்டணத்துக்கு வந்த பிறகுதான். ஊரில் அது கோயில், பாதிரியார், ஐயர்.) அந்தக் கோயிலில் பாட்டு இரண்டு வகை. ஒன்று பாமாலை. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்த பாட்டுகளை, மெட்டுக் கெடாமல் தமிழில் பெயர்த்தது. மற்றொன்று கீர்த்தனை. பல்லவி, சரணம் என்று ராகமும் தாளமும் போட்டு நம்மவர்களே கட்டியது. பாமாலை பாடும்போது ஜனங்கள் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி விறைத்து நிற்பார்கள். மெட்டு ஏறுகிற இடத்தில் சொல் தடுமாறும். குறில் நெடிலாக நீளும். அதை முடித்துவிட்டு அப்பா கீர்த்தனைக்கு விரலை வைத்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சுக் கிளம்பும். எழுத்தே தெரியாத கிழவிகள் ஆறு சரணத்தையும் மனப்பாடமாகப் பாடுவார்கள். புஸ்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடிய ஒரு பாட்டியை நானே பார்த்திருக்கிறேன். ஒரு சொல் தப்பவில்லை.

இந்தக் கீர்த்தனைகளில் பல தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பாடியவை. 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்து, சரபோஜி மன்னரின் ஆஸ்தானத்தில் கவிஞராக இருந்தவர். குற்றாலத்துக்குக் குறவஞ்சி உண்டென்றால் பெத்லகேமுக்கு ஏன் இருக்கக் கூடாது என்று பெத்லகேம் குறவஞ்சியே பாடி விட்டார். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்ற பாதிரியார் அவரைத் தேடிப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்து, 1853-ல் கீர்த்தனைப் புஸ்தகம் அச்சிட்டார். அந்தப் புஸ்தகத்தின் பேரன், கொள்ளுப்பேரன்களைத்தான் நாங்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறோம்.

சாஸ்திரியாரைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லத்தான் வேண்டும். புதிதாக வந்த மிஷனரிகள் கோயிலில் ஜாதி பார்த்து உட்காரும் வழக்கத்தை ஒழிக்க முனைந்தபோது, எதிர்த்து எழுதியவர்களில் அவர் முன்னால் நின்றார். தமிழ்ப் பாட்டை ஒடுக்குகிறார்கள் என்பதும் அதே முறையீட்டில் ஒன்று. ஒரே மூச்சில் ஒரு நியாயத்தையும் ஓர் அநியாயத்தையும் கேட்டிருக்கிறார்! அவருடைய பாட்டுக்குக் கண் கலங்குகிறவன்தான் நானும். ஆனால் 'நம்முடைய மரபு' என்று யாராவது குரலை உயர்த்தினால், அடுத்து என்ன கேட்கப் போகிறாரோ என்று எனக்குக் கொஞ்சம் பயம் வந்து விடுகிறது.

அப்பாவும் மரபுப் பிரியர்தான். கிதாரைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். "அது சினிமா வாத்தியம்டா" என்பார். அவர் இப்படிச் சொல்லும்போது அவர் விரல் கிடந்த ஹார்மோனியமோ, 1842-ல் பாரிஸ் பட்டணத்தில் உரிமை பதிவான சரக்கு. நம் நாட்டு இசைக்கு அது ஒத்து வராது என்று அகில இந்திய ரேடியோ 1940-ல் அதை வெளியே நிறுத்தி, 1971-ல்தான் மறுபடி கதவைத் திறந்தது. ரோமாபுரியில் 1903-ல் பத்தாம் பயஸ் பாப்பரசர், பியானோவையும் முரசு, ஜால்ரா வகையறாக்களையும் கோயிலுக்குள் கூடாது என்று உத்தரவு போட்டார். அறுபது வருஷம் கழித்து 1963-ல், அந்தந்த நாட்டு ஜனங்களின் இசைக்கு ஆராதனையில் உரிய இடம் கொடுங்கள் என்று வத்திக்கான் சங்கமே சொல்லிற்று. ஆகவே, வாத்தியத்தை வைத்துப் பக்தியை நிறுக்கிற தராசு எதுவும் நிலைத்ததாகத் தெரியவில்லை. என்னிடம் இருந்த சின்னத் தராசையும் என் மகள் பிடுங்கிப் போட்டு விட்டாள்.

2018-ல் அவளுக்குப் பதினைந்து வயசு. அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. சென்னையில் நாங்கள் போகிற கோயிலில் வாலிபர்கள் சேர்ந்து ஒரு பாண்டு அமைத்தார்கள். கீபோர்டு, இரண்டு கிதார், ஒரு டிரம் செட், ஆள் உயரத்துக்கு நாலு ஸ்பீக்கர் பெட்டி. பாட்டுப் புஸ்தகம் போய்த் திரை வந்து விட்டது. கீபோர்டு என் மகள். அந்தப் பாட்டுகள் எனக்குப் பிடிக்கவில்லை. 'நான், என்னை, எனக்கு' என்று ஆரம்பித்து அதிலேயே முடிகின்றன. கீர்த்தனையில் இருந்த கதை இல்லை, குறும்பு இல்லை. நாலு வரியை நாற்பது தடவை சொன்னால் பாட்டாகி விடுமா என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டு விட்டேன்.

"பஜனையில ஒரே நாமத்தை நூறு தடவை சொல்றாங்க, கேட்க நல்லா இருக்குன்னு நீங்கதானேப்பா எழுதினீங்க?" என்றாள்.

நான் ரசத்தை ஊற்றிக் கொண்டேன்.

சற்று நேரம் கழித்து அவளே, "கிதார் வாசிக்கிற பையனுக்கு அம்மா கிடையாது. அவன் அந்த நாலு வரியிலதான் அழறான். ஆறு சரணம் வரைக்கும் அவனால காத்திருக்க முடியாதுப்பா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகளைப் பற்றி நான் வீட்டில் வாய் திறக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது மட்டும் மாறவில்லை.

நிற்க. எங்கள் கோயிலின் பின் சுவரை ஒட்டினாற் போல் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருடைய வீடு. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. நல்ல சைவர், மார்கழி விடிகாலையில் அவர் திருவெம்பாவை ஓதுவதைக் கேட்பதற்காகவே நான் மாடியில் போய் நிற்பதுண்டு. ஆகஸ்டு மாதத்தில் ஒரு சாயங்காலம் குடையும் கையுமாக வந்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கு. கிறிஸ்மஸுக்கு உங்க பிள்ளைங்க வந்து பாடினப்போ அவ எழுந்து உட்கார்ந்து கேட்டா. இப்ப பக்கவாதம் வந்ததிலேர்ந்து தூக்கம் கிடையாது அவளுக்கு. மாசத்துல முதல் வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்ல முடியுமா? நிறுத்தச் சொல்லலே. திருப்பி வச்சாப் போதும்."

முதல் வெள்ளிக்கிழமை எங்களுக்கு முழு இரவு ஜெபம். நான் கோயில் கமிட்டியில் அங்கத்தினன். "சொல்றேன் சார்" என்றேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால், அந்த மாதம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கர்நாடக சங்கீத வித்வான்கள் சிலர் கிறிஸ்தவப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று 2018 ஆகஸ்டில் ஒரு கூச்சல் கிளம்பியது. வசவும் மிரட்டலும் செல்போனுக்குச் செல்போன் பறந்தன. ஒரு வித்வான் ஒப்புக் கொண்டிருந்த கச்சேரியிலிருந்து விலகிக் கொண்டார். டி. எம். கிருஷ்ணா, இனி மாதம் ஒரு பாட்டு ஏசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று அறிவித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. ராகத்துக்கு ஞானஸ்நானமும் உண்டா, பூணூலும் உண்டா? ஆபிரகாம் பண்டிதர் என்று ஒரு மனிதர் இருந்தார். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்தவர். வைத்தியத்தில் சம்பாதித்த பணத்தைச் சங்கீத ஆராய்ச்சியில் கொட்டியவர். 1912-ல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் ஏற்படுத்தி, சொந்தச் செலவில் வித்வான்களை அழைத்து மகாநாடுகள் கூட்டினார். ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கொள்கையை மறுத்து 24 என்று வாதாடினார். 1917-ல் அவர் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தை இன்றும் இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எத்தனையோ கச்சேரி மேடைகள் பாடியிருக்கின்றன. சபரிமலையில் நடை சாத்துகிற நேரத்துப் பாட்டு என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது யேசுதாஸின் குரல். இவ்வளவும் தெரியாதவர்களா நமக்குச் சங்கீதப் பாடம் நடத்துவது!

இப்படிப் பொங்கிக் கொண்டிருந்தவன், அதே மாதத்தில் நம் பெட்டியை நாமே திருப்பி வைப்பதா என்று நினைத்தேன். வெளியிலிருந்து அடி விழும்போது உள்ளே இருப்பவன் குற்றம் சொன்னால் அது துரோகம் என்று தோன்றியது. கோழைத்தனத்துக்கு நான் எத்தனையோ நல்ல பெயர்கள் வைத்திருக்கிறேன். விசுவாசம் என்று வைத்தது அப்போதுதான்.

அக்டோபரில் தலைமையாசிரியர் மறுபடி வந்தார். கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகிறார்களாம், கொஞ்ச நாளைக்கு. வீட்டுச் சாவியை என் மனைவியிடம் கொடுத்தார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை ராத்திரி மழை பிடித்துக் கொண்டது. வாத்தியார் வீட்டுக் கூடத்து ஜன்னல் அடித்துக் கொள்கிறது என்று மனைவி சொன்னாள். பதினோரு மணி இருக்கும். சாவியை எடுத்துக் கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினேன். படுக்கையறையிலும் ஏதாவது திறந்து கிடக்கிறதா என்று பார்க்கப் போனேன். அங்கே ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. சாத்தியது மட்டுமல்ல, சந்துகளில் பழைய புடைவையைக் கிழித்துத் திரித்துத் திணித்திருந்தது. தலையணை ஒன்றைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

பாட்டுக் கேட்கவில்லை. அதுதான் என்னைத் திகைக்க வைத்தது. மெட்டு இல்லை, சொல் இல்லை, ஆண்டவருடைய நாமமும் இல்லை. டிரம்மின் இடி மாத்திரம் சுவர் வழியாக வந்து கொண்டிருந்தது. அலமாரியின் கண்ணாடிக் கதவு அதற்கேற்ப நடுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் வாசித்துக் கொண்டிருந்தாள். தாயில்லாப் பையன் ஒருவேளை அழுது கொண்டிருந்திருப்பான். அதில் எதுவும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. ஒரு பாட்டு முடிகிற வரை இருந்து பார்ப்போம் என்று அந்த அம்மாளின் கட்டிலில் உட்கார்ந்தேன். எது முடிந்தது, எது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. எழுந்து வந்து விட்டேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசினேன். எதிர்பார்த்த பதில்தான் முதலில் வந்தது. "ஆடி மாசம் பூரா அம்மன் கோயில்ல குழாய் கட்டி அலற விட்டாங்களே அண்ணாச்சி, அங்க போய்க் கேட்டீங்களா?" கேட்கவில்லை, அது வாஸ்தவம். இன்னொருவர் 150-ஆம் சங்கீதத்தை எடுத்தார். எக்காளம், தம்புரு, கைத்தாளம் எல்லாம் அதில் இருக்கிறதே என்றார். நான் ஆமோஸ் தீர்க்கதரிசியைத் துணைக்கு அழைத்தேன். நியாயம் செய்யாதவர்களின் பாட்டைக் கடவுள் இரைச்சல் என்று தள்ளுகிற இடம் அது. வசனத்துக்கு வசனம் என்று போனால் விடிந்து விடும் என்று சட்டத்துக்கு வந்தேன். சென்னையிலேயே ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஒலிபெருக்கியைப் பற்றி அக்கம் பக்கத்தார் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2000 ஆகஸ்டு 30-ல் தீர்ப்பாகியிருக்கிறது. அடுத்தவன் அமைதியைக் குலைத்து ஜெபம் செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 45 டெசிபலுக்கு மேல் கூடாது. பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியே கூடாது. இதெல்லாம் அம்மன் கோயிலுக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

"போலீஸுக்குப் போகப் போறீங்களா?" என்றார் ஒருவர். குரலில் கேலி இல்லை; நிஜமாகவே பயந்து கேட்டார். அப்போதுதான் படுக்கையறையில் பார்த்த புடைவைத் துணியைப் பற்றிச் சொன்னேன். சட்டத்தை விட்டு அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எங்கள் ஐயர் வயசில் சின்னவர். அதிகம் பேசவில்லை. மறுநாள் இரண்டு பையன்களைக் கூட்டிக் கொண்டு பெட்டிகளைத் தாமே திருப்பி வைத்தார். முதல் வெள்ளிக்கிழமைகளில் பத்து மணிக்கு மைக்கும் டிரம்மும் நிற்கும், அதன் பிறகு வாயால் பாடுவது என்று ஏற்பாடாயிற்று. இரண்டு குடும்பங்கள் கோபித்துக் கொண்டு வேறு சபைக்குப் போய் விட்டன. மகள் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று ராத்திரியே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். "அப்படியா, சந்தோஷம் தம்பி. பிள்ளைங்க மனசு நோகலியே?" என்று கேட்டார் தலைமையாசிரியர். எப்போது வருகிறீர்கள் என்றேன். அவளுக்கு இங்கே பழகி விட்டது என்றார். அடுத்த வருஷம் அந்த அம்மாள் அங்கேயே காலமாகி விட்டார்கள்.

மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு கோயிலில் வாசிக்கிறாளாம். சாவி இன்னும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. முதல் வெள்ளிக்கிழமை ராத்திரியில் சில சமயம் அதை எடுத்துக் கொண்டு போய் அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். மழையில்லாத நாளானால் பாட்டு லேசாகக் கேட்கிறது. அந்த நாலு வரிகள்தான். சொல் கூட விளங்குகிறது.