15 சதவீதம் என்று எழுதிவிட்டால் போதுமா?

டிஃபரென்ஷியல் ரிலே பார்ப்பது வெறும் வரவு செலவுக் கணக்குதான். டிரான்ஸ்ஃபார்மருக்குள் போன கரண்ட்டும் வெளியே வந்த கரண்ட்டும் (சுற்று விகிதத்தைச் சரிக்கட்டிய பிறகு) ஒத்துப்போகவேண்டும். கணக்கு உதைத்தால் உள்ளே ஏதோ ஷார்ட் என்று பிரேக்கரை ட்ரிப் செய்துவிடும்.

சிக்கல், சார்ஜ் செய்யும்போது. வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் நொடியில் பிரேக்கர் மூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஓட்டத்தில் அந்த நொடியில் ஃப்ளக்ஸ் எதிர்ப்பக்க உச்சத்தில் இருக்கவேண்டும். ஆனால் இருப்பதோ பூஜ்யத்தில். ஃப்ளக்ஸால் தாவ முடியாது. எனவே அலை முழுவதும் மேலே தள்ளப்பட்டு, உச்சம் இரண்டு மடங்காகிறது. போன தடவை அணைத்தபோது கோரில் தங்கிய மிச்சக் காந்தமும் அதே திசையில் இருந்தால், கேட்கவே வேண்டாம் :-) கோர் நிறைந்துபோய், கரண்ட் முழு லோடைப்போல் எட்டுப் பத்து மடங்குகூடப் போகும். அத்தனையும் ஒரே பக்கத்தில். ரிலேவின் கண்ணுக்கு இது பக்கா ஷார்ட்.

இந்தக் கரண்ட் பூஜ்யக்கோட்டுக்கு ஒரு பக்கமாகவே துருத்திக்கொண்டிருக்கும். அதனால் இதில் 100 ஹெர்ட்ஸ், அதாவது இரண்டாம் ஹார்மோனிக், நிறைய. அதை வைத்து ரிலேயைத் தடுக்கலாம் என்று கென்னடியும் ஹேவர்டும் 1938-லேயே எழுதிவிட்டார்கள். நாம் தேர்வில் எழுதும் 15 சதவீதம் அந்த வழி வந்ததுதான்.

"ஏன் 10 இல்லை?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இப்போதைய குறைந்த இழப்புக் கோர்களில் ஏதாவது ஒரு ஃபேஸில் அது 10-க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. அப்போது ரிலே வீணாக ட்ரிப் ஆகும். சரி, செட்டிங்கைக் குறைத்தால்? உண்மையான ஷார்ட்டில் சி.டி. நிறைந்துபோனாலும் ஹார்மோனிக் வரும். ரிலே அதையும் இன்ரஷ் என்று நம்பி, எண்ணெய்க்குள் ஆர்க் எரிய எரியச் சும்மா இருக்கும். (இதற்காகவே இன்ரஷ்ஷைவிட உயரத்தில், எந்தத் தடையும் கேட்காத ஹை-செட் ஒன்று வைக்கிறார்கள். சின்ன ஷார்ட்டுக்கு அது எட்டாது.)

ஒரு ஃபேஸ் சொன்னால் மூன்றையும் நிறுத்தும் கிராஸ் பிளாக்கிங்கிலும் இதே கதை. ஷார்ட்டோடு இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சார்ஜ் செய்தால், நல்ல ஃபேஸின் இன்ரஷ் கெட்ட ஃபேஸைக் காப்பாற்றிவிடும். என் ஓட்டு, சில சைக்கிள் மட்டும் கிராஸ் பிளாக் செய்து, பிறகு ஃபேஸுக்கு ஃபேஸ் விட்டுவிடுவதற்கே. வீண் ட்ரிப்பில் போவது சில மணி நேரம். மற்றதில் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும்.