தேன்மெழுகும் தார் ரோடும்

போன வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி எங்க ஊருக்கு ஏறுற ரோட்டுக்குத் தார் போட்டாங்க. தை பிறக்கறதுக்குள்ள ஓரத்துல ஜல்லி கழண்டு வந்துடுச்சு. "நல்லா அடிச்சிட்டானுங்க"ன்னு டீக்கடையில எல்லாரும் திட்டினோம். நானும்தான்.

ஆனா தார் போட்ட அன்னைக்கு ரோலர் ஓட்டின தம்பி சொன்னது மனசுல நின்னுபோச்சு. சாயங்காலம், பனி இறங்குற நேரம். "சரக்கு ஆறிப்போச்சுண்ணா. இனிமே எத்தனை தடவை ஓட்டினாலும் படியாது."

விஷயம் இதுதான். தார்க் கலவை தயாராவது கீழே சமவெளியில. அங்க 150, 160 டிகிரி சூட்டுல கலக்கறாங்க. பரப்பும்போது 140ஆவது இருக்கணும், உருட்டி முடிக்கும்போது 90க்குக் கீழ இறங்கக்கூடாது. லாரி கொண்டை ஊசி வளைவெல்லாம் ஊர்ந்து ஜவ்வாது மலை ஏறி வர்றதுக்குள்ள, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலும் சூடு இறங்கிடும். ஆறின கலவை இறுகாது, உள்ளே சந்து நிக்கும். அதுல மழைத்தண்ணி பூந்தா ஜல்லி கழண்டுதான் வரும்.

இதுக்கு ஒரு வழி இருக்குன்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தாருல மெழுகு கலக்கறது!

மெழுகு எங்களுக்குப் புதுசில்ல. தேனடையைப் பிழிஞ்சு வெந்நீர்ல போட்டா மெழுகு தண்ணியா உருகி மேல மிதக்கும், ஆறினா கட்டியாயிடும். தாருக்குள்ளயும் அதே வேலைதான். சூட்டுல தாரை இளக்கிவிடும், ஆறினதும் அதை இறுக்கும். ஆனா தேன்மெழுகு இதுக்கு ஆகாது. அது 62, 64 டிகிரியிலயே உருகிடும். சித்திரை வெயில்ல தார் ரோடே கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கு வந்துடுமே! நிலக்கரியில இருந்தோ இயற்கை எரிவாயுல இருந்தோ தொழிற்சாலையில செய்யற மெழுகு வேற. அது உருக 100 டிகிரி வாக்குல ஆகும்.

அளவும் கொஞ்சம்தான். தாரோட எடையில 3 சதவீதத்துக்குள்ள. ஒரு டன் கலவையில தார் சுமார் 50 கிலோன்னா, மெழுகு ஒன்றரை கிலோவுக்குள்ள. இதனால 20, 30 டிகிரி குறைஞ்ச சூட்டுலயும் கலவையைப் பரப்பி உருட்ட முடியும். மலை ஏறுற லாரிக்கு அந்த 20 டிகிரிதான் அவகாசம். கால்ல சாக்கு சுத்திக்கிட்டு தார் வேலை செய்யற பொம்பளைங்க மூஞ்சியில அடிக்கிற புகையும் குறையும். இப்படிக் குறைஞ்ச சூட்டுல ரோடு போடறதுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2014லயே வழிகாட்டி போட்டிருக்கு.

மெழுகு எல்லாத்தையும் சரி பண்ணிடாது. ஓரத்துல தண்ணி ஓட கால்வாய் வெட்டாம, அடியில கெட்டிக்காம போட்டா எந்த ரோடும் நிக்காது. மெழுகு அதிகமானாலும் குளிர்ல தார் விறைச்சு வெடிக்கும்.

உங்களுக்கு ரோடுல பள்ளம்னா வண்டி குலுங்கும். இங்க புளி மூட்டை சந்தைக்குப் போகணும், நிறைமாசப் பொண்ணு 108ல இறங்கணும்.

அடுத்த தடவை தார் லாரி வந்தா நான் முதல்ல கேக்கப்போறது ஒண்ணுதான்: "தம்பி, இப்போ எத்தனை டிகிரி இருக்கு?" கேக்கறதுக்கு ஆள் இருந்தாத்தான் அளக்கறதுக்கும் ஆள் வரும்.